புதன் பிற்பகல் மூன்று மணி: பாரிஸ் மியூசியம் பாஸைப் பயன்படுத்தும் முறை

பாரிஸ் நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக விற்கப்படுவது பாரிஸ் மியூசியம் பாஸ். 48 மணி, 96 மணி, 144 மணி என மூன்று வகை உண்டு. முதல் வாசலில் அதை ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். இரவு தூங்கினாலும் ஓடும், மழையில் அறைக்குள் முடங்கினாலும் ஓடும். ஓர் இடத்துக்கு ஒரு தடவைதான் நுழையலாம். இந்தச் சீட்டைப் பற்றிய எல்லா முடிவுகளும் இந்த இரண்டு விதிகளிலிருந்தே பிறக்கின்றன.

எதற்கெல்லாம் இது செல்லாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஈபில் கோபுரத்துக்குச் செல்லாது. பழைய ஓபரா மாளிகையான கார்னியேவுக்கும், நிலத்தடி எலும்புக் கிடங்கான காத்தகோம்புக்கும் செல்லாது. மெட்ரோ, பஸ், ரயில், சென் நதிப் படகு எதுவும் இதில் அடங்காது. கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு சில பாஸ்களும் சந்தையில் உண்டு. அவற்றில் படகுச் சவாரி, பஸ் சுற்றுலா என்று பலவற்றைச் சேர்த்து விலையை உயர்த்தியிருப்பார்கள். வாங்கும்போது பெயரை முழுவதுமாகப் படித்துப் பார்த்து, அருங்காட்சியகங்களுக்கு மட்டுமான பாஸ்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யாருக்கு இது தேவையில்லை? லூவ்ர், ஒர்சே இரண்டையும் பார்த்துவிட்டு மீதி நேரத்தைத் தெருக்களில் நடந்து கழிக்க நினைப்பவருக்குத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தேவையில்லை: லூவ்ர், ஒர்சே, வெர்சாய், வெற்றி வளைவு என்று இந்த அத்தியாயத்தில் வரும் பெரிய இடங்கள் எல்லாவற்றிலும் எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுமதி இலவசம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் இருந்தால் போதும். ஆனால் நேரம் முன்பதிவு செய்ய வேண்டிய இடங்களில் அவர்களுக்கும் பூஜ்யக் கட்டணச் சீட்டு ஒன்றைப் பதிவுசெய்தாக வேண்டும். மாற்றுத் திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. சான்றிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதியோருக்கு லூவ்ரில் கட்டணச் சலுகை இல்லை. அதற்குப் பதில் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருகிறார்கள். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு 2026 சனவரியிலிருந்து மாறிவிட்டது. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தைச் சேராதவர்களுக்கு லூவ்ர் தனிக் கட்டணம் வைத்தது: 22 யூரோவாக இருந்த சீட்டு 32 யூரோ ஆனது. வெர்சாய் அரண்மனையும் செந்த் ஷப்பெல் சிற்றாலயமும் இதே வழியில் நம் போன்றவர்களுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் உள்ள கூட்டல் கழித்தல் எதையும் நம்பாதீர்கள். நீங்கள் உண்மையிலேயே போக விரும்பும் இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் இன்றைய கட்டணத்தையும் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பாஸின் விலையைவிட ஐந்தில் ஒரு பங்காவது அதிகமாக இருந்தால் வாங்கலாம் என்பது என் அளவுகோல். நான்கு நாளில் ஓர் இடமாவது உடல் அசதியில் விட்டுப்போகும். அந்தப் பங்கு அதற்கான இடைவெளி.

நேரச் சீட்டு முதலில், பாஸ் பிறகு

பாஸ் கையில் இருந்தால் எந்த வாசலிலும் போய் நிற்கலாம் என்பது ஒரு காலத்தில் உண்மை. இன்று லூவ்ர், வெர்சாய், செந்த் ஷப்பெல், ஒராஞ்செரி ஆகியவற்றுக்குப் பாஸ் வைத்திருப்பவர்களும் நாளும் மணியும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். 2024இல் லூவ்ருக்குள் நுழைந்தவர்கள் சுமார் 87 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தை நேரம் பிரித்துக் கொடுக்காமல் அவர்களால் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு இடத்தின் சொந்த இணையதளத்திலும் பாஸ் வைத்திருப்போருக்கென்று பூஜ்ய யூரோவில் ஒரு நேரச் சீட்டு இருக்கும். கோடையிலும் டிசம்பர் விடுமுறையிலும் நல்ல நேரங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். நீங்கள் பாரிஸில் இருக்கப்போகும் நாட்களில் லூவ்ரில் எந்த நேரங்கள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். அதை வைத்து மற்ற மூன்று இடங்களின் நேரத்தையும் பொருத்துங்கள். நான்கும் ஒரே 96 மணிக்குள் அடங்குகிறது என்று தெரிந்த பிறகே பாஸுக்குப் பணம் கட்டுங்கள். பாஸை முதலில் வாங்கிவிட்டு, லூவ்ரில் இடமில்லை என்று பிறகு தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் ஏராளம். பணத்தைவிட அவர்களுடைய ஏமாற்றத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மோனா லிசாவைப் பார்க்க வாழ்நாளில் ஒரு தடவை வந்திருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்று: டிக்கெட் வரிசையிலிருந்து மட்டும்தான் பாஸ் உங்களை விடுவிக்கும். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் ஒன்றே. சோதனைக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கிவிடுங்கள்.

கிழமைக் கணக்கு

செவ்வாய்க்கிழமை லூவ்ர், ஒராஞ்செரி, கிமே மூன்றுக்கும் விடுமுறை. திங்கட்கிழமை ஒர்சே, ரோதான், க்ளூனி, வெர்சாய் மூடியிருக்கும். செந்த் ஷப்பெல், பாந்தியோன், வெற்றி வளைவு, ஆன்வாலித் போன்றவை வாரம் முழுக்கத் திறந்திருக்கும். செவ்வாயன்று லூவ்ருக்குப் போக முடியாதவர்கள் எல்லோரும் வெர்சாய்க்குத் திரும்புவதால் அன்று அங்கே நெரிசல் மிகுதி.

ஆக, திங்களும் செவ்வாயும் பாஸின் எதிரிகள். 96 மணி நேரப் பாஸைப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு லூவ்ரில் தொடங்கினால் அது ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு முடியும். விடுமுறை நாள் ஒன்றுகூட இடையில் வராது. புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்; வியாழன் ஒர்சே இரவு 9.45 வரை. நீளமான அந்த மாலைகள் மூன்றும் பாஸுக்குள் விழுகின்றன. கீழே வரும் திட்டம் இதன்மீது கட்டியதுதான்.

புதன்: லூவ்ர்

கண்ணாடிப் பிரமிடு வழியாக உள்ளே இறங்கியதும் கூட்டம் மொத்தமும் தெனோன் பகுதிக்கு, மோனா லிசாவை நோக்கி நகரும். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள். முதலில் சுல்லி பகுதியின் அடித்தளம். அரசன் பிலிப் ஒகுஸ்த் 1190 வாக்கில் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் அகழியும் அடிச்சுவரும் அங்கே அப்படியே இருக்கின்றன. மேலே உள்ள அரண்மனையும், புரட்சிக்குப் பிறகு 1793இல் அதற்குள் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், 1989இல் வந்த ஐ. எம். பெய்யின் பிரமிடும் இந்தக் கோட்டையின் மேல் வந்தமர்ந்தவைதான் என்று கண்ணாலேயே புரிந்துவிடும்.

அங்கிருந்து ரிஷலியூ பகுதிக்குப் போனால் மெசப்பொத்தேமியா. கோர்சபாத் அரண்மனை வாசலைக் காத்த மனித முகச் சிறகுக் காளைகள் உங்களை வரவேற்கும். பக்கத்து அறையில் கறுப்புக் கல் தூண் ஒன்று நிற்கிறது. 2.25 மீட்டர் உயரம். பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்கள் ஏறக்குறைய 3750 ஆண்டுகளுக்கு முன் அதில் வெட்டப்பட்டன. கடன், கூலி, வாய்க்கால் தண்ணீர், மணமுறிவு, கட்டிய வீடு இடிந்தால் கொத்தனுக்கு என்ன தண்டனை என்பது வரை எழுத்து நெருக்கமாக ஓடுகிறது. லூவ்ரில் எந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பாய் என்று என்னைக் கேட்டால் இந்தக் கல்லைத்தான் சொல்வேன். அதன் முன்னால் பெரும்பாலும் கூட்டம் இருக்காது. சுற்றிவந்து பின்புறத்தையும் பாருங்கள். பெரும்பாலோர் முன்பக்கச் சிற்பத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆறு மணி வாக்கில் உள்ளேயே இருக்கும் ஒரு கஃபேயில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள். வெளியே போனால் திரும்ப வர முடியாது. ஏழரைக்குப் பிறகு தெனோன் பகுதி. படிக்கட்டின் உச்சியில் சாமோத்ராஸ் தீவில் 1863இல் கண்டெடுக்கப்பட்ட சிறகுகள் விரித்த வெற்றித் தேவதை. கீழ்ப்படியிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டே பார்ப்பதுதான் அழகு. பிறகு மோனா லிசாவின் மண்டபம். ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். எதிர்ச்சுவரில் வெரோனேஸ் வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், லூவ்ரின் மிகப் பெரிய ஓவியம். வெனிஸ் மடத்துச் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து நெப்போலியனின் படைகள் 1797இல் எடுத்துவந்தது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நீங்கள் திரும்பிப் பாருங்கள். அறைகளை ஒன்பது மணிக்கு முன்பிருந்தே காலிசெய்யத் தொடங்குவார்கள் என்பதால் எட்டரைக்குள் இதை முடித்துக்கொள்வது நல்லது.

வியாழன்: தீவும் ரயில் நிலையமும்

காலை ஒன்பது மணி நேரச் சீட்டோடு செந்த் ஷப்பெல். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை: கத்தரி, சிறு கத்தி, கண்ணாடி பாட்டில் எதுவும் பையில் இருக்கக் கூடாது. ஒன்பதாம் லூயி அரசன், கிறிஸ்துவின் முள்முடி என்று நம்பப்பட்டதை கான்ஸ்டான்டினோபிள் பேரரசரிடமிருந்து பெரும் விலைக்கு வாங்கி, அதை வைப்பதற்காக இந்தச் சிற்றாலயத்தைக் கட்டினான். 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. கீழ்த்தளம் அரண்மனைப் பணியாளர்களுக்கு. தாழ்வான அந்தக் கூரையைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். ஓரத்தில் உள்ள குறுகிய சுழல்படியில் ஏறினால் சுவரே இல்லாதது போல நாலாபுறமும் வண்ணக் கண்ணாடி. பதினைந்து சாளரங்கள், 1,113 காட்சிகள். படைப்பிலிருந்து தொடங்கி விவிலியக் கதைகள் பெரும்பாலும் கீழிருந்து மேலாக வளர்கின்றன. சுவரோரம் இருக்கும் பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருங்கள். மேகமூட்டமான நாளாக இருந்தாலும் போகலாம், வெயில் அடித்தால் பாக்கியம்.

பக்கத்திலேயே கோன்சியெர்ஜெரி. அரசி மரி அந்த்வானெத் 1793 அக்டோபர் 16 அன்று கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்டது இந்தச் சிறையிலிருந்துதான். முக்கால் மணி போதும். நோத்ர் தாம் பேராலயம் அங்கிருந்து நடக்கும் தூரம். 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் கட்டணமே இல்லை, ஆகவே பாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆற்றைத் தாண்டி க்ளூனி அருங்காட்சியகம் போனால் ரோமானியர் காலத்துக் குளியல் மண்டபமும், 1500 வாக்கில் நெய்த ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும்’ என்ற ஆறு திரைச்சீலைகளும் இருக்கின்றன. ஐந்து சீலைகள் ஐம்புலன்களுக்கு. ஆறாவது எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். கட்டாயமாகச் சொல்கிறேன். மாலை ஒர்சேவுக்குத் தெளிந்த கண் வேண்டும்.

1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது. ரயில்கள் நீளமாகிவிட, பிளாட்பாரங்கள் குட்டையாகிப்போய், 1939 வாக்கில் தொலைதூர வண்டிகள் நின்றுபோயின. இடித்துவிடத் திட்டமிட்டிருந்தார்கள், தப்பிப் பிழைத்து 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நேராக ஐந்தாம் தளத்துக்கு ஏறி மோனே, ரெனுவார், தெகா, செஸான் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, பெரிய கடிகாரக் கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்தபடி இறங்குங்கள். வான்கோவின் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள்: ரோன் நதியின் மேல் விண்மீன்கள், 1889இல் வரைந்த தன்முகம், இறப்பதற்குச் சில வாரங்கள் முன் வரைந்த ஓவேர் ஊர் ஆலயம். மூன்றையும் நெருங்கி நின்று, அப்பியிருக்கும் சாயத்தின் தடிமனைப் பார்க்க வேண்டும். எந்த அச்சுப் படத்திலும் அது வராது.

வெள்ளி: வெர்சாய்

ஆர்.இ.ஆர். சி வழித்தடத்தில் வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் நிலையம். அந்தத் தடம் பல கிளைகளாகப் பிரிவதால், பிளாட்பாரப் பலகையில் இந்தப் பெயர் எரிகிறதா என்று பார்த்து ஏறுங்கள். அரண்மனைக்குக் காலை ஒன்பது மணி நேரச் சீட்டே நல்லது. 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள். முதல் உலகப்போரை முடித்த உடன்படிக்கை 1919 சூன் 28 அன்று கையெழுத்தானது இங்கேதான். நண்பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும் த்ரியானோன் மாளிகைகளும் மரி அந்த்வானெத்தின் விளையாட்டுக் கிராமமும் பாஸில் சேர்ந்தவை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இசையோடு தோட்டத்தைத் திறக்கும் நாட்களில் தோட்டத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், பாஸ் செல்லாது. ஒரு முழு நாள் போய்விடும். அன்று மாலை வேறெதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலை ஒராஞ்செரி. 1918இல் போர் ஓய்ந்ததும் தன் அல்லிக்குள ஓவியங்களை நாட்டுக்குக் கொடுக்கிறேன் என்றார் மோனே. அவர் இறந்த பிறகு, 1927இல், இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டு ஓவியங்களாக அவை திறந்துவைக்கப்பட்டன. இரண்டு மீட்டர் உயரம், மொத்தம் நூறு மீட்டருக்கு நெருக்கமான நீளம். கூரையிலிருந்து இயற்கை வெளிச்சம் இறங்குவதால் பகலில் போவதே சரி. மதியம், நெப்போலியனின் கல்லறை உள்ள ஆன்வாலித், சிந்தனையாளன் சிலை தோட்டத்தில் அமர்ந்திருக்கும் ரோதான் அருங்காட்சியகம் இரண்டில் ஒன்று போதும். நானாக இருந்தால் ரோதான்.

மாலை வெற்றி வளைவு. சுற்றிலும் பன்னிரண்டு பெருஞ்சாலைகள் வந்து கூடும் வட்டத்தை நடந்து கடக்க முயலாதீர்கள். அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. தினமும் மாலை 6.30 மணிக்கு அடையாளம் தெரியாத போர்வீரனின் கல்லறையில் சுடரைப் புதுப்பிக்கிறார்கள். பிறகு 284 படி ஏறுங்கள். ஈபில் கோபுரத்தில் ஏறினால் அந்தக் கோபுரம் உங்கள் காட்சியில் இருக்காது, இங்கே இருக்கும். இருட்டிய பின் ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது அது ஐந்து நிமிடம் மின்னும்.

ஞாயிறு பத்து மணிக்கு, இயேனா மெட்ரோ நிலையத்தின் எதிரே கிமே. லியோன் தொழிலதிபர் எமில் கிமே சேர்த்தவற்றை வைத்து 1889இல் பாரிஸில் திறந்த ஆசியக் கலை அருங்காட்சியகம். கெமர் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. தரைத்தளத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நடராசர் ஆடுகிறார். ஐரோப்பிய ஓவியங்களுக்கு நடுவே மூன்று நாள் கழித்த பிறகு அந்த வளைந்த இடக்கால் முன் நிற்கும்போது, நாம் கோயிலில் கைகூப்பிக் கடந்துவிடும் உருவத்தைச் சிற்பமாக முழுதும் பார்க்கக் கண் பழகியிருக்கும். இதற்காகவே கிமேயைக் கடைசியில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு லாச்சப்பல் போகலாம். வடக்கு ரயில் நிலையமான கார் து நோர் பக்கம், ஃபோபூர் சென் தெனி தெருவிலும் அதன் கிளைகளிலும் ஈழத் தமிழரின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியப்பம், கொத்துரொட்டி எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நான்கு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

போக்குவரத்தும் மிச்சமும்

பாஸில் போக்குவரத்து இல்லாததால் நவிகோ வாரச் சீட்டைப் பாருங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும். நடப்பு வாரத்துக்கு வியாழன் வரை வாங்கலாம். 2025 கட்டணப்படி 31.60 யூரோ. அதில் விமான நிலைய ரயிலும் வெர்சாய் பயணமும் அடங்கும். அதே ஆண்டுக் கட்டணத்தில் விமான நிலையச் சீட்டு மட்டும் தனியாக 13 யூரோ, மெட்ரோவில் ஒரு பயணம் 2.50 யூரோ என்று வைத்துப் பார்த்தால், செவ்வாயன்று வந்திறங்கி இந்தத் திட்டப்படி சுற்றுபவருக்கு வாரச் சீட்டே லாபம். அட்டைக்குத் தனியாக ஐந்து யூரோ, சிறிய புகைப்படம் ஒன்று வேண்டும். ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1872 முதல் தெருவோரம் நிற்கும் பச்சை நிற வாலஸ் குழாய்களில் வருவது குடிநீரே. ஒவ்வொரு நாள் காலையிலும் அன்று போகும் இடத்தின் இணையதளத்தை ஒருதரம் திறந்துபாருங்கள். வேலைநிறுத்தத்தால் வாசல் தாமதமாகத் திறக்கும் நாட்கள் பாரிஸில் உண்டு.

ஞாயிறு மூன்று மணிக்குப் பாஸ் முடிந்த பிறகும் நேரம் இருந்தால், நகராட்சியின் அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சி இலவசம். பாரிஸின் வரலாற்றைச் சொல்லும் கார்னவலே ஒன்று, பெத்தி பலே இன்னொன்று. இரண்டும் திங்களன்று மூடியிருக்கும். திங்கள் மாலைதான் விமானம் என்றால் பகலில் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஷோப்பின், ஆஸ்கர் வைல்ட், எதித் பியாஃப் அங்கே இருக்கிறார்கள். நுழைவாயிலில் உள்ள வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது.